பக்கத்துலயே இருக்கார், ஆனா பழைய ஆளா இல்ல

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். கல்யாணமாகி 15 வருஷம், ரெண்டு பிள்ளைங்க. போன வருஷம் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்துடுச்சு, பேச்சும் சரியா வரல, இப்போ கடையை நான்தான் பாக்கிறேன். சின்ன விஷயத்துக்கும் கோபப்படுறார், திடீர்னு அழுறார். சர்ச்ல எல்லாரும் "போதுமென்கிற மனசோட இரும்மா"ங்கிறாங்க, எனக்கோ அந்தப் பழைய மனுஷன் வேணும்னு ஏக்கமா இருக்கு. இது அவிசுவாசமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இல்லம்மா, அவிசுவாசமே இல்ல. உயிரோட பக்கத்துல இருக்கிறவரை நினைச்சு ஏங்குறது வெளிய சொல்ல முடியாத துக்கம், "ஆள்தான் இருக்காரே"ன்னு ஊர் ஒரே வார்த்தைல முடிச்சிடும். பைபிள்ல புருஷனையும் ரெண்டு மகன்களையும் பறிகொடுத்த நகோமி, சொந்த ஊரான பெத்லகேமுக்குத் திரும்பி வந்தப்போ ஊர்ப் பொம்பளைங்க முன்னாடியே "சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்"னு சொன்னாங்க, அதுக்காக யாரும் அவங்களை அதட்டல, கர்த்தரும் கைவிடல. நீங்களும் ஜெபத்துல அப்படியே சொல்லி அழுங்க.

பவுல் "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்"னு பிலிப்பி சபையாருக்குக் கடிதம் எழுதினது சிறைக்காவல்ல இருந்தப்போ. மனரம்மியம்னா உங்களுக்கு எல்லாரும் சொல்ற அந்தப் போதுமென்கிற மனசுதான். அந்தக் கடிதத்தோட 4ம் அதிகாரத்துல 13ம் வசனத்தை, பெலப்படுத்துகிற கிறிஸ்துங்கிறதை, நாம எல்லா வீட்லயும் மாட்டி வச்சிருக்கோம், ஆனா அடுத்த வசனத்துலயே என் உபத்திரவத்துல நீங்க பங்கெடுத்தது நல்லதுங்கிறார், அந்தச் சபையார் எப்பாப்பிரோதீத்துங்கிறவர் கையில கொடுத்தனுப்பின உதவியையும் சந்தோஷமா வாங்கிக்கிட்டார். மனரம்மியமா இருக்கிறவரே உதவி வாங்கினார்னா நீங்க மட்டும் ஏன் தனியா சுமக்கணும்? "வாரத்துல ஒரு மதியம் வீட்டுக்காரர்கூட வந்து உட்காருங்க, நான் கொஞ்சம் தூங்கணும்"னு சர்ச் பெண்கள் ஐக்கியத்துல வாய்விட்டுக் கேளுங்க. சபை போதகர் ஐயர்கிட்ட சொல்லி வீட்டுக்கே திருவிருந்து கொண்டு வரச் சொல்லுங்க.

இன்னொண்ணு, வலது பக்கம் விழுந்து பேச்சும் போச்சுன்னா பெரும்பாலும் மூளையோட இடது பக்கம் அடிபட்டிருக்கும். வார்த்தை வெளிய வராட்டியும் நாம சொல்றது நிறைய புரியலாம், அதனால அவரை வச்சுக்கிட்டே அவரைப் பத்தி மத்தவங்ககிட்ட பேசாதீங்க. அந்தத் திடீர் அழுகை, கோபமெல்லாம் உங்க மேல வெறுப்புன்னு எடுத்துக்காதீங்கம்மா, மூளை பாதிப்பால வரலாம், ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் மனச்சோர்வும் நிறைய பேருக்கு வரும், மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. ஆனா கோபம் அடிக்கிற வரைக்கும் போனா பொறுத்துக்கிட்டு இருக்கிறது மனரம்மியம் இல்ல, உடனே வீட்டுப் பெரியவங்களைக் கூப்பிடுங்க. பிசியோதெரபிக்கு அரசாங்கத்தோட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்துல வீட்டுக்கே வருவாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுப் பாருங்க.

பேச வராத சிலருக்குத் தெரிஞ்ச பாட்டு வரும், இது டாக்டர்களே சொல்றதுதான். ராத்திரி குடும்ப ஜெபத்துல அவருக்குச் சின்ன வயசுலருந்து பழக்கமான கீர்த்தனையா எடுத்து மெதுவாப் பாடுங்க, ஒரு வரி கூட வந்தாலும் அது நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச காரியம். கடைக்கு என்ன சரக்கு எடுக்கணும்னு அவர்கிட்டயும் கேளுங்க, தலையாட்டினாப் போதும், அவர் இன்னும் குடும்பத் தலைவர்தான்னு அவருக்குத் தெரியணும்.

இந்த மனுஷனோட திருப்தியா வாழ முடியும்னு நான் முழுசா நம்புறேன், ஆனா பழைய வாழ்க்கை அப்படியே திரும்பினாத்தான் சந்தோஷம்னு காத்துக்கிட்டிருந்தா இப்போ கிடைக்கிற நல்லது கண்ணுல படாமலே போயிடும்.

பிள்ளைங்களைப் பத்தி ஒண்ணும் எழுதலையே, அப்பா இப்படி ஆனதை அவங்க எப்படி எடுத்துக்கிட்டாங்க? அடுத்த தடவை எழுதுங்கம்மா.