ரொட்ரி விழுந்தார், சிட்டி ஏன் சரிந்தது? கேள்வி பதில்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி உதைபந்தாட்ட அணியின் 2024-25 சீசன் பற்றிய கேள்விகள், கேட்டவர்களின் ஊர்ப் பெயரோடு. பதில் சொல்பவர் தோட்டத்து இளைஞர் அணிகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குபவர்.

ஹட்டன்: அண்ணே, ஒரே ஒரு ஆள் காயப்பட்டதற்கு ஒரு சம்பியன் அணி இப்படியா கவிழும்?

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள் தம்பி. சிட்டியின் மத்தியகள வீரர் ரொட்ரியின் முழங்கால் போனது 2024 செப்டெம்பர் 22, ஆர்சனல் போட்டியில். அதற்குப் பிறகு ஏழு போட்டியில் சிட்டிக்கு ஆறு வெற்றி, ஒரு சமநிலை. யாரும் இதைப் பேசுவதில்லை. சரிவு தொடங்கியது ஒக்டோபர் 30, டொட்டன்ஹாமிடம். அன்றிலிருந்து டிசம்பர் 26 வரை 13 போட்டி, ஒன்பது தோல்வி, ஒரே வெற்றி. ஃபெயனூர்டுடன் 3-0 என்று முன்னால் நின்றவர்கள், கடைசிக் கால் மணி நேரத்தில் மூன்று கோல் வாங்கினார்கள்.

சிட்டியின் பின்களம் நடுக்கோடு வரை ஏறி நிற்கும். பந்து பறிபோனால், எதிரணி ஓடத் தொடங்கும் இடத்தில் ரொட்ரி ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். அவர் போனதும் அந்த இடத்தில் 34 வயது குந்தோகனை நிறுத்தினார்கள். மூளை இருக்கிறது, திரும்பி ஓட வேகம் இல்லை. டியாஸ், ஸ்டோன்ஸ், டி ப்ரூய்ன என்று காயப்பட்டவர்களின் வரிசை நீண்டபோதுதான் அந்த ஓட்டை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஓட்டையை விட, அதை அடைக்க யாரை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் சீசனைத் தின்கிறது.

பண்டாரவளை: ரொட்ரி இருந்திருந்தால் கப் அடித்திருப்பார்களா சேர்?

பதில்: சாத்திரம் பார்ப்பவரைக் கேளுங்கள்.

தலவாக்கலை: எங்கள் பையன் ஒருவனுக்கு விளையாடும்போது முழங்காலில் 'டக்' என்று சத்தம் கேட்டது. இப்போது வீக்கம் இறங்கிவிட்டது. ஞாயிறு இறக்கலாமா?

பதில்: வேண்டாம். சத்தமும், சில மணி நேரத்தில் வீக்கமும் வந்தால் மூட்டுக்குள் ஏ.சி.எல். தசைநார் கிழிந்திருக்கலாம். ரொட்ரிக்கும் அதுதான். வீக்கம் இறங்கியது எதையும் காட்டாது. அடுத்த திருப்பத்தில் உள்ளிருக்கும் குருத்தெலும்பும் போகலாம். எண்ணெய் போட்டு நீவாதீர்கள், பண்டேஜ் சுற்றி இறக்காதீர்கள். எலும்பு டொக்டரிடம் காட்டுங்கள். ரொட்ரி திரும்பி வரவே ஏறக்குறைய எட்டு மாதம் ஆனது.

மாத்தளை: 2020இல் பின்கள வீரர் வான் டைக் இல்லாமல் லிவர்பூல் பட்ட பாட்டுக்கு முன் இதெல்லாம் ஒன்றுமில்லை.

பதில்: லிவர்பூல்காரர் வந்துவிட்டார். சரி, அதையும் பேசுவோம். வான் டைக் காயப்பட்டது ஒக்டோபர் 17. அதற்கு முந்தைய லீக் போட்டியில், அவர் விளையாடும்போதே, அஸ்டன் வில்லாவிடம் 7-2 என்று அடி வாங்கியிருந்தீர்கள். நத்தாருக்குப் பட்டியலில் முதலிடம் உங்களுக்குத்தான். அப்புறம் என்ன நடந்தது? பின்களத்தில் கோமஸ் நவம்பரிலேயே போயிருந்தார், ஜனவரியில் மத்திப்பும் போனார். மத்தியகளத்து ஹென்டர்சனையும் ஃபபினியோவையும் பின்னால் இழுத்தார்கள். பின்களத்தை ஒட்டுப்போட்டதில் மத்தியகளமும் கிழிந்தது. சொந்த மைதானத்தில் 68 லீக் போட்டி தோற்காத அணி, அங்கேயே தொடர்ந்து ஆறு தோற்றது.

கண்டி: மாத்தளை அண்ணன் பெரிதாக்குகிறார். லிவர்பூல் மூன்றாம் இடம் வந்ததே!

பதில்: சிட்டியும் மூன்றாம் இடம்தான். சிட்டி முந்தைய சீசனின் 91 புள்ளியிலிருந்து 71க்கு வந்தது. லிவர்பூல் 99இலிருந்து 69க்கு. இந்தக் கணக்கில் மாத்தளைக்காரர் சொல்வதுதான் சரி.

மாத்தளை: அப்போ ரொட்ரியை விட வான் டைக்தான் பெரிய ஆள்?

பதில்: நான் அப்படி எங்கே சொன்னேன்? பின்களம் முழுதும் போனதைத்தான் சொன்னேன்.

நானுஓயா: ஒரே ஆள் காயப்பட்டதற்கு அணி ஏன் கவிழ்ந்தது?

பதில்: ஹட்டன் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

வெலிமடை: முழங்கால் வீக்கத்துக்கு எந்த எண்ணெய் நல்லது?

பதில்: நீவாதீர்கள் என்று இப்போதுதானே சொன்னேன்!

மஸ்கெலியா: மாஸ்டர், எங்கள் ஸ்ட்ரைக்கர் கால் உடைந்து படுத்துவிட்டான். நடுவில் விளையாடுபவனை முன்னால் போட்டோம். அதற்குப் பிறகு ஒரு மேட்ச் கூட வெல்லவில்லை.

பதில்: நடுவில் இருந்தவனைத் திரும்ப நடுவிலேயே போடுங்கள். பெஞ்சில் இருக்கும் பையன் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் முன்னால் அவனை விடுங்கள். கோல் குறையும், ஆனால் வாங்குவதும் குறையும்.