லைன் ஒருத்தர் கையில, வியாபாரம் பத்து பேருக்கு

கேள்வி: சார், பிரிட்டன்ல போன் லைன் பெரும்பாலும் பிடி (பிரிட்டிஷ் டெலிகாம்) கம்பெனியோடதாம், ஸ்கை, டாக்டாக் எல்லாம் அதே லைன்லதான் பிராட்பேண்ட் விக்கிறாங்களாமே, அப்போ பிடி மத்தவங்கள இழுத்தடிக்காதா?

பதில்: அந்த பயத்துலதான் 2005-ல அங்க டெலிகாமைக் கண்காணிக்கிற ஆஃப்காம் அமைப்பு பிடிகிட்ட எழுதி வாங்குச்சு, இல்லேன்னா கேஸ், போட்டி ஒழுங்கா நடக்குதான்னு அப்போ விசாரிச்ச காம்பெடிஷன் கமிஷனுக்குப் போயிருக்கும். மெயினான ஷரத்து என்னன்னா, சொந்த ஆளுக்குக் குடுக்குற அதே சர்வீஸ், அதே விலை, அதே கெடு, ஆர்டர் போடுற சிஸ்டம் கூட அதேதான் போட்டிக்காரனுக்கும். மாமியார் உடைச்சா மண்குடம் கதையெல்லாம் கூடாது! லைனைப் பாத்துக்க 2006-ல ஓப்பன்ரீச்னு தனிப் பிரிவு வந்துச்சு, வாக்கைக் காப்பாத்துறாங்களான்னு பாக்க அஞ்சு பேர் போர்டு, அதுல மூணு பேர் வெளியாளுங்க. ஆனா அந்த போர்டே பிடிக்குள்ளதான் இருந்துச்சு, எனக்கு அது அப்பவே இடிச்சுது.

கேள்வி: மாட்டுனாங்களா?

பதில்: மாட்டாம? ஆபீஸ்களுக்குப் போடுற ஈதர்நெட் லைன் (வேகமான டேட்டா லைன்) லேட்டானா மத்த கம்பெனிகளுக்கு நஷ்டஈடு தரணும், ஓப்பன்ரீச் என்ன பண்ணுச்சு, 'நீங்களே சம்மதிச்ச மாதிரிதான்'னு எடுத்துக்கிட்டு கெடுவைத் தள்ளித் தள்ளி நஷ்டஈட்டைக் குறைச்சிருச்சு. இது 2013, 2014-ல நடந்தது, 2017 மார்ச்ல 4.2 கோடி பவுண்டு ஃபைன், அதுக்கு மேல நஷ்டஈடு சுமார் 30 கோடி. 2018-ல ஓப்பன்ரீச்சைச் சட்டப்படி தனிக் கம்பெனியாவே ஆக்கிட்டாங்க, முதலாளி இன்னும் பிடிதான், கண்காணிப்பு ஆஃப்காம் கைக்கே வந்துருச்சு.