கேள்வி – பதில்: அவசரப்படாத சாக்ஸபோன்

கேள்வி: டிசம்பர் சீசனில் கத்ரி கோபால்நாத்தின் கர்நாடக சாக்ஸபோனைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஜாஸ் சாக்ஸபோன் கேட்டுப் பழக ஆசைப்பட்டு ஜான் கோல்ட்ரேனைப் போட்டேன். மூச்சு முட்டுகிறது. யாரிடமிருந்து தொடங்கலாம்? ஹார்ட் பாப் என்கிறார்களே, அது என்ன?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஹாங்க் மோப்லியிடமிருந்து. ஆல்பம், ‘சோல் ஸ்டேஷன்’. 1960 பிப்ரவரி 7 அன்று நியூஜெர்ஸியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் ஒரே நாளில் பதிவானது. பியானோ விண்டன் கெல்லி, பேஸ் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. டிரம்பெட் கிடையாது, ஊதுபவர் மோப்லி ஒருவர்தான். ஆறு பாட்டில் நான்கு அவருடைய சொந்த மெட்டு.

இதை நான் முதலில் கேட்டது திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில். அறை நண்பனின் அண்ணன் கப்பல் வேலையிலிருந்து கொண்டுவந்த கேசட். முதல் பாட்டு ‘ரிமெம்பர்’. ரீவைண்ட் செய்து செய்து அந்த இடத்தில் டேப் தேய்ந்து இரைய ஆரம்பித்துவிட்டது. என்னைக் கட்டிப்போட்டது மோப்லி எடுக்கும் இடம்தான். பிளேக்கி தாளம் வைத்த பிறகு ஒரு நூலிழை தள்ளி, சாவகாசமாக வந்து உட்காருவார். கச்சேரி கேட்ட காது உங்களுக்கு, சொன்னால் புரியும்: கணக்கால் மிரட்டாமல் சர்வலகுவாக ஓடும் கல்பனாஸ்வரம் அது. கத்ரி வாசித்தது ஆல்ட்டோ வகை சாக்ஸபோன். இது டெனர், குரல் இன்னும் கனம். ஆனால் முனையே இல்லாத, உருண்டையான ஒலி.

ஹார்ட் பாப் என்பது பீபாப் என்ற 1940களின் ஜாஸ் பாணியின் வேகத்தோடு, கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையும் தேவாலயப் பாட்டும் கலந்தது. 1950களின் நடுவில் பியானோ கலைஞர் ஹொரேஸ் சில்வரும் பிளேக்கியும் சேர்ந்து நடத்திய ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவில் மோப்லியும் இருந்தார்.

விமர்சகர் லெனார்ட் ஃபெதர் இவரை டெனரின் ‘மிடில்வெயிட் சாம்பியன்’ என்றார், குத்துச்சண்டையின் நடு எடைப் பிரிவை வைத்து. பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் ‘மிடில்’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பலர் இவரை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. புளூ நோட் இசைத்தட்டுக் கம்பெனிக்காக இவர் வாசித்ததில் பல ஆண்டுக்கணக்கில் வெளிவராமல் கிடந்தன. 1966இல் பதிவான ‘எ ஸ்லைஸ் ஆஃப் த டாப்’ 1979இல்தான் வந்தது. 1970இல் பதிவான ‘திங்கிங் ஆஃப் ஹோம்’ 1980இல். அதற்குள் நுரையீரல் கெட்டு, வாசிப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தார். 1986 மே 30 அன்று ஃபிலடெல்பியாவில் காலமானபோது வயது 55.

‘சோல் ஸ்டேஷன்’ பழகியதும் ‘ரோல் கால்’ போடுங்கள். அதே 1960 நவம்பரில் அதே மூவரோடு பதிவானது, கூடவே டிரம்பெட்டில் ஃப்ரெடி ஹப்பர்ட். அப்புறம் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1961 ஆல்பம் ‘சம்டே மை பிரின்ஸ் வில் கம்’. அதன் தலைப்புப் பாட்டில் முதலில் மோப்லி வாசிப்பார், பின்னால் கோல்ட்ரேன் வருவார். இந்த முறை கோல்ட்ரேன் உங்களுக்கு மூச்சு முட்டுகிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.