கடலுக்கு உரம் நல்லதா? தாழையில் படியும் பாசியும் ஓர் அலாஸ்கா ஆறும்

கேள்வி: தேவிபட்டினம் பக்கம் நண்டுவலை விடுகிறேன். எங்கள் ஊர் ஓடைவாயில் சில வருடங்களாக இறால் பண்ணைத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்துத் தாழை (கடல்புல்) இலைகளில் வழுவழுவென்று பாசி ஏறிக் கிடக்கிறது. ஆனால் நண்டும் ஓரா மீனும் முன்னைவிடக் கூடவே படுகின்றன. "கடலுக்கு உரம் போட்ட மாதிரிதான், உங்களுக்கு நல்லதுதானே" என்கிறார்கள் பண்ணைக்காரர்கள். கல்லூரியில் படிக்கும் என் மகளோ, அலாஸ்காவில் ஓர் ஆற்றில் உரம் விட்டதில் ஆறே மாறிப்போனது என்று பாடத்தில் இருப்பதாகச் சொல்கிறாள். பனிநாட்டு ஆற்றுக்கும் நம் கடலுக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் மகள் சொன்னது குபாருக் ஆற்றின் கதை. பண்ணைக்காரர்கள் சொல்வதற்கு அதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் முதலில் அந்த ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வட அலாஸ்காவில், மரமே இல்லாத துந்திரச் சமவெளியில் ஓடுகிறது அது. வருடத்தில் பாதிக்கு மேல் உறைந்து கிடக்கும். தண்ணீரில் சத்து மிகக் குறைவு, அதிலும் பாஸ்பரஸ் இல்லையென்றே சொல்லலாம். 1983-இல் ஆய்வாளர்கள் அந்த ஆற்றின் ஒரு பகுதியில் கோடைக்காலத்தில் மட்டும் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடத் தொடங்கினார்கள். கூடுதலாகச் சேர்ந்தது லிட்டருக்கு ஏறத்தாழ 10 மைக்ரோகிராம் பாஸ்பரஸ். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கைக் கலந்தால் வருகிற அளவு அது. தண்ணீரின் நிறமோ மணமோ மாறாது.

முதல் கோடைகளில் கற்களின்மேல் டயாட்டம் என்ற நுண்பாசி கூடியது. அதை மேயும் பூச்சிப் புழுக்கள் கொழுத்தன. அவற்றைத் தின்னும் கிரேலிங் மீன்கள் வேகமாக வளர்ந்தன. அந்த நேரத்தில் போய்ப் பார்த்த யாரும் "உரம் நல்லதுதான்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்று உங்கள் ஓடைவாய் ஏறக்குறைய அந்தக் கட்டத்தில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

சொட்டுவதை நிறுத்தாமல் ஏழெட்டுக் கோடைகள் போன பிறகுதான் பெரிய மாற்றம் கண்ணில் பட்டது. கொடைக்கானல் பாறைகளில் பச்சை வெல்வெட் விரித்ததுபோல ஒட்டியிருக்குமே, அந்த மாஸ் இனத்தில் ஒன்று ஆற்றுக் கற்களை மூடத் தொடங்கியது. ஹைக்ரோஹிப்னம் என்று பெயர். அதற்கு முன் அந்த ஆற்றில் அது கணக்கில் எடுக்கும் அளவுக்கே இருந்ததில்லை. சத்துக் குறைந்த தண்ணீரிலேயே காலம் தள்ளும் ஷிஸ்டிடியம் என்ற இன்னொரு மாஸ்தான் அங்கே வழக்கமானது. மாஸுக்கு மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சும் வேர் கிடையாது. ஓடுகிற தண்ணீரில் இருப்பதை இலையாலேயே எடுத்துக்கொள்ளும். வளர்ச்சி மெதுவானது, ஆனால் ஒரு கல்லைப் பிடித்துவிட்டால் பனியிலும் வெள்ளத்திலும் லேசில் விடாது. அதனால்தான் முதல் வருடங்களில் யார் கண்ணிலும் படாமல் இருந்து, பிறகு ஆற்றின் தரையையே தனதாக்கிக்கொண்டது.

தரை மாறினால் குடியிருப்பவர்களும் மாறுவார்கள். வெறும் கல்லில் ஒட்டிக் குழாய்க்கூடு கட்டி வாழ்ந்த கொசுவைப் போன்ற ஒருவகைப் பூச்சியின் புழு அந்தப் பகுதியில் சரிந்துபோனது. மாஸுக்குள் ஒளிந்து வாழக்கூடிய எபிமரெல்லா என்ற மேஃப்ளை பூச்சியின் இளம்பருவம் பெருகியது. பூச்சிகளின் மொத்த எடையை மட்டும் கணக்குப் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. பிறகு அந்தப் பகுதியில் உரத்தை நிறுத்தினார்கள். நுண்பாசி ஓரிரு வருடத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. மாஸ் பழைய நிலைக்கு வர ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பிடித்தது. வருவதற்கும் எட்டு, போவதற்கும் எட்டு. உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்: முதல் சில வருடத்து மீன்பாட்டை வைத்து நல்லது கெட்டது முடிவு செய்யாதீர்கள். தரையில் எது இடம் பிடிக்கிறது என்று பாருங்கள்.

இனி நம் பாக் விரிகுடாவுக்கு வருவோம். இங்கே மாஸ் வரப்போவதில்லை, உப்புத் தண்ணீர் அதற்கு ஆகாது. ஆனால் நம் நிலைமை அந்த ஆற்றைவிடச் சிக்கலானது. அங்கே ஜெயித்தது கல்லைப் பிடித்து நின்ற செடி. இங்கே தாழைக்கு வேர் உண்டு, மண்ணிலிருந்தே பெரும்பகுதிச் சத்தை எடுத்துக்கொள்ளும். தண்ணீரில் கரைந்து வருகிற உரத்தால் அதற்குப் பெரிய லாபம் இல்லை. லாபம் முழுக்க அதன் இலைமேல் ஏறும் பாசிக்கும், மிதந்து திரண்டு மேலே படியும் பச்சைப்பாசிக்கும்தான். அவை வெயிலை மறைத்தால் தாழை பட்டினி கிடக்கும். தாழை போனால் நண்டுக் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் மறைவிடம் போகும், கடல்பசுவுக்குத் தீனி போகும், வாடைக்காற்றில் அடிமண் கிளம்பித் தண்ணீர் கலங்கும், கலங்கலில் மிச்சத் தாழையும் வாடும். பாஸ்பரஸோடு நைட்ரஜனையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய இடம் கடல். இறால் தின்னாமல் விட்ட தீவனம், அதன் எச்சம், ஊர்ச் சாக்கடை எல்லாவற்றிலும் இரண்டுமே இருக்கின்றன.

2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் மன்னார் வளைகுடாத் தண்ணீர் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அது நாக்டிலுக்கா என்ற நுண்ணுயிர் திடீரெனப் பெருகியதால் வந்தது, சில நாளில் அடங்கிவிட்டது. அப்படி நடந்தால் ஊரே பேசும். நான் பயப்படுவது யாரும் பேசாமல் நடக்கிற மெதுவான மாற்றத்துக்கு.

ஓரா கூடுதலாகப் படுவதற்கும் காரணம் இருக்கிறது. அது இலைமேல் உள்ள பாசியை மேய்கிற மீன். தாழையைச் சுத்தம் செய்து தருவதே அதுவும் சின்ன நத்தைகளும்தான். கூட வந்திருக்கிறது என்று பொடி ஓராவையும் சேர்த்து அள்ளிவிட்டால் பாசிக்குத் தடையே இருக்காது. விரலளவு ஓராவைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கவனிக்கும் முறையைச் சொல்கிறேன். தாழை இலை அடியிலிருந்துதான் வளரும், நுனிதான் வயதான பாகம். நுனியில் பாசி, வெள்ளைப் பொட்டு எல்லாம் இருப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். செடியைப் பிடுங்காமல், நடுவில் உள்ள இளம் இலையின் அடிப்பாகத்தை விரலால் தடவுங்கள். அது சுத்தமாகப் பச்சை தெரிந்தால் நிலைமை மோசமில்லை. அங்கேயே வழுக்கினால், அந்தப் பூச்சை எடுத்து விரலிடுக்கில் தேயுங்கள். நறநறவென்று உரசி, அலசியதும் போய்விட்டால் அது வெறும் சேறு, வாடைக்காற்று கிளப்பியதோ இழுவை வலை கிளப்பியதோ. மயிர்போல நீண்டு, அலசினாலும் ஒட்டியே இருந்தால் பாசி. பாதத்தை அடிமண்ணில் அழுத்தி எடுங்கள். மண் கருத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், மக்குகிற பாசி அடியில் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டது என்று பொருள். விடிகாலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறதா என்றும் பாருங்கள். இரவெல்லாம் பாசியும் மூச்சுவிடுவதால் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது அந்த நேரத்தில்தான்.

அரை மீட்டர் பிவிசி குழாய் நான்கைச் சதுரமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடைவாயில் ஓரிடம், பண்ணைத் தண்ணீர் எட்டாத தூரத்தில் அதே ஆழத்தில் ஓரிடம். மாதத்துக்கு ஒருமுறை, கடல் வற்றும் நேரத்தில், அந்தச் சதுரத்தைப் போட்டுச் செல்போனில் படம் எடுங்கள். குபாருக்கில் நம்பிக்கையோடு பேச முடிந்ததற்குக் காரணமே, உரம் விழாத மேல்பகுதியை ஒப்பிட வைத்திருந்ததுதான். இரண்டாவது இடம் இல்லாவிட்டால், எல்லாம் பருவநிலை என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அறுவடை நாளில் பண்ணை மொத்தமாகத் தண்ணீர் திறந்தால் அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள். குட்டையின் அடிச்சேறு கடைசித் தண்ணீரோடுதான் வெளியே வரும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடலோர இறால் பண்ணைகள் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெரிய பண்ணைகளுக்குக் கழிவுநீரைத் தேக்கித் தெளியவைக்கும் குட்டை அவசியம். ஓடையில் விடும் நீரில் கரைந்த பாஸ்பேட்டுக்கு அந்த ஆணையம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், அதாவது 200 மைக்ரோகிராம். குபாருக் ஆற்றை மாற்றியது 10. பண்ணைநீர் கடலில் கலந்து நீர்த்துப்போகும் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாது, ஆனால் நீரோட்டம் மந்தமான ஓடைவாயில் எவ்வளவு நீர்க்கும் என்பதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பண்ணை வரம்புக்குள்தான் விடுகிறது என்ற ஒரு பதிலோடு நீங்கள் திருப்தி அடைய வேண்டியதில்லை.

படங்களையும் தேதிகளையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலக மீனவர் குறைதீர் கூட்டத்தில் எழுத்தாக மனுக் கொடுங்கள், நகலை மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள். தண்ணீர் மாதிரியும் எடுப்பதானால் பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், சோப்பிலேயே பாஸ்பேட் இருக்கக்கூடும். எடுக்கிற தண்ணீராலேயே மூன்று முறை அலசி, காற்றிடம் விடாமல் நிரப்பி மூடி, வெயில் படாமல் வள்ளத்து ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். இடம், நேரம், ஏற்றமா வற்றா என்பதைப் பாட்டில் மேலேயே எழுதிவிடச் சொல்லுங்கள் மகளிடம்.