சேம்பருக்குள் பழுப்புப் புள்ளி: துடைக்க முதல் அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

கேள்வி இதுதான்: "பொருட்களை உள்ளே வைத்து வெப்பநிலை, ஈரப்பதன் சோதனை செய்யும் சேம்பரின் (பெட்டியின்) உட்சுவரில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏன் கறள் பிடிக்கிறது? எதைக் கொண்டு சுத்தம் செய்வது?"

கொழும்பில் ஒரு சோதனை ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக இந்தப் பெட்டிகளோடுதான் என் வேலை. எனக்குத் தெரிந்து சேம்பருக்குள் வந்த கறளில் பெரும்பகுதி நாங்களே உள்ளே கொண்டுபோனது. தண்ணீரோடு போயிருக்கும், துடைத்த துணியோடு போயிருக்கும், இல்லாவிட்டால் சோதனைக்கு வைத்த மாதிரியோடு போயிருக்கும். அதனால் துணியை எடுக்க முதல் ஒரு டார்ச்சை எடுங்கள்.

புள்ளியை நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். மேலாக உரிந்து வந்து அடியில் உலோகம் பளபளப்பாக இருந்தால் அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய இரும்புத்தூள். யாரோ இரும்புக் கம்பிநாரால் தேய்த்திருப்பார்கள், அல்லது சாதாரண இரும்பு ஆணி, கிளிப் எதையாவது தட்டில் விட்டிருப்பார்கள். நகம் ஒரு சின்னக் குழியில் தடக்கினால் விஷயம் வேறு. அது உப்பிலும் ப்ளீச்சிலும் இருக்கும் குளோரைட்டின் வேலை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் குரோமியம் ஒக்சைட்டு. சில நனோமீற்றர் தடிப்புத்தான். கீறினாலும் ஒட்சிசன் பட்டால் திரும்பப் படியும். ஆனால் குளோரைட்டு அதை ஒரு புள்ளியில் துளைத்து, அந்த இடத்தை ஆற விடாமல் உள்ளே தோண்டிக்கொண்டே போகும். பல சேம்பர்களின் உட்சுவர் 304 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் இருப்பதால் கொஞ்சம் கூடத் தாங்கும், அவ்வளவுதான். சூடு, ஈரம், காய்தல் என்று மாறி மாறி ஓடும் பெட்டியில் ஒவ்வொரு துளியும் காயும்போது அதிலுள்ள உப்பு செறிந்துகொண்டே போகும்.

ஒருமுறை கதவு ரப்பரில் பூஞ்சணம் பிடித்திருந்தது. துப்புரவு செய்யும் அக்கா நல்ல மனதோடு குளியலறை ப்ளீச்சால் ரப்பரையும் சுவரையும் துடைத்துவிட்டார். நான் அது தெரியாமல் 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதன் சோதனையை ஓடவிட்டேன். முடிந்து திறந்தபோது தட்டுத் தாங்கிக் கொக்கிகளுக்குக் கீழே கடுகு அளவில் வரிசையாகப் புள்ளிகள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி குத்தியது போல ஒரு துளை. பிழை அக்காவுடையது அல்ல, அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். இப்போது எங்கள் சேம்பர் கதவில் "ப்ளீச் கூடாது" என்று மூன்று மொழியிலும் ஒட்டியிருக்கிறது.

அடுத்தது தண்ணீர். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி களனி ஆற்றிலிருந்து எடுத்து அம்பத்தலையில் சுத்திகரித்துக் குளோரின் சேர்த்து வருவது. வறட்சிக் காலத்தில் கடல் உப்பும் ஆற்றில் மேலேறும். குடிக்கிற தண்ணீரை ஈரமூட்டிக்கு ஊற்றினால் ஆவி போய்விடும், உப்பு அங்கேயே நிற்கும். கனிமம் நீக்கிய தண்ணீர்தான் வேண்டும். அதற்காக மின்தடை 18.2 மெகாஓம் காட்டும் அளவுக்கு மிகச் சுத்தமான நீரைப் பிடித்து ஊற்றவும் வேண்டாம். அது பசியோடிருக்கும் தண்ணீர், செப்பு, பித்தளை இணைப்புகளைக் கரைக்கும். உங்கள் சேம்பரின் கையேட்டில் நீரின் மின்கடத்துதிறனுக்கு (கரைந்த உப்பு கூடினால் அதுவும் கூடும்) எல்லை போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். பெற்றோல் செட்டில் வாங்கும் பற்றரித் தண்ணீரை மீற்றரில் அளக்காமல் நான் ஊற்றமாட்டேன். கானும் சேம்பருக்கென்றே தனியாக ஒன்று இருக்கட்டும். ஓடாமல் நிற்கும் நாட்களில் தாங்கியைக் காலி செய்துவிடுங்கள்.

அதிகம் பேர் யோசிக்காதது சோதனை மாதிரிகள். ஒருநாள் கதவைத் திறந்தவுடன் வினாகிரி வாசனை மூக்கில் அடித்தது. உள்ளே இருந்தவை சிலிக்கன் பசை பூசிய பெட்டிகள், பசை சரியாக இறுக முதலே கொண்டுவந்து தந்திருக்கிறார்கள். சில வகைச் சிலிக்கன் இறுகும்போது அசற்றிக் அமிலத்தை விடும். மரமும் அட்டைப் பெட்டியும் சூட்டில் மெல்ல அதே மாதிரி அமிலங்களை விடும். இந்த அமிலம் சுவரை விட, பின்பலகைக்குப் பின்னால் இருக்கும் குளிர்ச்சுருளின் செப்புக் குழாயைத்தான் தின்னும். எறும்புப் புற்று மாதிரி உள்ளுக்குள் வளைந்து வளைந்து போகும், வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது, கடைசியில் குளிர்வாயு கசியும். பிவிசி அளவுக்கு மீறிச் சூடானால் ஐதரசன் குளோரைட்டு வரும். உப்புத் தெளிப்புச் சோதனை முடிந்த துண்டுகளைக் கனிமம் நீக்கிய நீரில் அலசிக் காயவிடாமல் உள்ளே வைக்கவே கூடாது. என்ன பொருள், என்ன பசை என்று எழுதி வாங்காமல் இப்போது நாங்கள் எதையும் ஏற்பதில்லை.

சரி, சுத்தம் செய்யும் முறை. மின்சாரத்தை முழுதாகத் துண்டியுங்கள், ஈரப்பதன் சென்சரை மூடுங்கள். கனிமம் நீக்கிய நீரில் நடுநிலைச் சோப்பு சில துளி விட்டு, மெல்லிய துணியால் உலோகத்தின் கோடு போகும் திசையிலேயே துடையுங்கள். பிறகு வெறும் நீரால் இரண்டு தடவை, கடைசியில் காய்ந்த துணி. மேலோட்டமான பழுப்புக் கறைக்கு ஒரு லீற்றர் நீரில் 50 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்து, துணியை நனைத்து 20 நிமிடம் போர்த்தி வைத்து, நன்றாக அலசுங்கள். அது இரும்புத்தூளைக் கரைத்துவிடும். அலுமினியத் தகடுகளிலும் செப்பிலும் படவேண்டாம். ப்ளீச் பட்ட இடமென்றால் முதலில் ப்ளீச் முழுதாகப் போகும்வரை கழுவுங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது ஆபத்து. வடிகால் குழாயின் வளைவையும் கழுவுங்கள். ஈரத்திரி சுற்றிய வெப்பமானியால் ஈரப்பதனை அளக்கும் ஈரக்குமிழ் உள்ள சேம்பர் என்றால் அதன் திரியை மாற்றுங்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. கொழும்புக் காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பல நாட்களில் 24 டிகிரிக்குக் கிட்ட நிற்கும். பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரியில் ஓடிய சேம்பரைச் சோதனை முடிந்தது என்று உடனே திறந்தால், சுவர் முழுக்க நிமிடத்தில் உறைபனி படிந்து, பிறகு உருகி நனைந்துவிடும். முதலில் 35 டிகிரிக்கு ஏற்றிவிட்டுத் திறவுங்கள். ஈரச் சோதனைக்குப் பின் ஈரமூட்டியை நிறுத்தி 50 டிகிரியில் இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டு, ஆறியதும் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வெள்ளவத்தை, மட்டக்குளி போல் கடற்காற்று வரும் இடமென்றால் வெளிப்பக்கத்தையும் மறக்க வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அந்தக் காற்று போடும் மெல்லிய பழுப்பைத் தேநீர்க் கறை என்றே சொல்வார்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் துடைத்தால் பிடிக்காது.

நகம் தடக்கும் குழி தரைத் தகட்டிலோ வெல்டிங் கோட்டிலோ இருந்தால் நீங்களே தேய்க்காமல் சேவைக்காரரைக் கூப்பிடுங்கள். துளை மறுபக்கம் போய்விட்டால் பின்னாலுள்ள காப்புப் பஞ்சு நனையத் தொடங்கும். புள்ளிகளைக் கிட்ட வைத்து ஒரு படம் எடுத்து, கடைசி மூன்று சோதனைகளில் என்ன வைத்தீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.