அமெரிக்கால எல்லாரும் சிரிக்கிறாங்க, ஜெர்மனில ஏன் யாரும் சிரிக்கல? உங்க கேள்விகளுக்கு என் பதில்கள்

டெக்ஸாஸ்ல 11 வருஷம் இருந்துட்டு 2021 கடைசில குடும்பத்தோட ஜெர்மனில இருக்குற ஸ்டட்கார்ட் வந்தோம். ரெண்டு ஊரையும் பாத்தவன்கிறதால நிறைய பேர் கேட்டீங்க, முடிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

கேள்வி: அண்ணா, டாலஸ் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. கடைல பில் போடுற பொண்ணு, லிஃப்ட்ல வர்றவர்னு எல்லாரும் "ஹவ் ஆர் யூ"னு கேக்குறாங்க, நான் வாயத் திறக்குறதுக்குள்ள போயிடுறாங்க. என்ன சொல்லணும்?

தம்பி, நம்மூர்ல தெருவுல பாக்குறவங்க "என்ன, வெளிய கெளம்பிட்டீங்களா"னு கேப்பாங்கல்ல, எங்க போறோம்னு தெரிஞ்சுக்கவா கேக்குறாங்க? அதே கணக்குதான். "குட், ஹவ் ஆர் யூ"னு திருப்பிக் கேட்டா போதும். ஆனா இந்தப் பழக்கத்தோட ஜெர்மனிக்கு வந்துடாதீங்க. நான் ஆபீஸ் லிஃப்ட்ல கூட வேலை பாக்குற ஒரு அம்மாகிட்ட சும்மா "வீ கேட்ஸ்"னு, அதாவது எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன், அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சாங்க, அப்புறம் அவங்க அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனதுல இருந்து ஆரம்பிச்சு அஞ்சாவது மாடி வந்தும் முடியாம காரிடார்ல நின்னு சொல்லி முடிச்சாங்க. கேட்டா கேள்விதான், பதில் வரும்.

கேள்வி: அமெரிக்கர்கள் சிரிப்பு எல்லாம் போலினு ஐரோப்பால இருக்குற என் நண்பன் அடிச்சு சொல்றான். உண்மையா சார்?

இத நான் ஒத்துக்கவே மாட்டேன். 2021 பிப்ரவரில டெக்ஸாஸ்ல பனிப்புயல்ல கரண்ட் போச்சு, ஞாபகம் இருக்கும். எங்க தெருவுல கையாட்டி ஹாய் சொல்றதத் தவிர எந்தப் பழக்கமும் இல்லாத ஒருத்தர் கதவத் தட்டி, "எங்க வீட்ல விறகு அடுப்பு எரியுது, குழந்தைங்களக் கூட்டிட்டு வாங்க"னு கூப்பிட்டார், ரெண்டு ராத்திரி அவங்க ஹால்ல படுத்தோம். அந்தச் சிரிப்ப எப்படி போலினு சொல்றது?

குர்ட் லெவின்னு ஒரு உளவியலாளர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ல ஜெர்மனிய விட்டு அமெரிக்கா போன யூதர், 1936லயே இதப் பத்தி எழுதியிருக்கார். மனுஷனச் சுத்தி அடுக்கடுக்கா வட்டம் இருக்குன்னு வச்சுக்கங்க. அமெரிக்கர் வெளி வட்டத்த எல்லாம் யாருக்கும் திறந்து விடுவார், நடுவுல இருக்குற கடைசி வட்டம் மட்டும் பூட்டியிருக்கும். ஜெர்மானியருக்கு வெளி வட்டமே பூட்டு, ஆனா அதத் தாண்டி உள்ள போயிட்டா அப்புறம் பெருசா தடை இல்ல. இப்ப இத அமெரிக்கர் பீச் பழம், ஜெர்மானியர் தேங்காய்னு சொல்லிக் குடுக்குறாங்க, நமக்கு பீச்சுக்குப் பதிலா மாம்பழம்னு வச்சா இன்னும் நல்லா புரியும், சதை மெத்துனு இருக்கு, கொட்டைதான் கெட்டி.

கேள்வி: ஆபீஸ்ல ஒருத்தர் "ஒருநாள் லஞ்ச் போலாம்"னு சொல்லி மூணு மாசம் ஆச்சு, கூப்பிடவே இல்ல. நான் ஏதாவது தப்பா பேசிட்டனா?

இல்லம்மா. அந்த நிமிஷம் உங்களப் பிடிச்சிருந்துச்சு, அதச் சொன்னார், அவ்ளோதான். தேதி, நேரம் இல்லாத அழைப்புல வருத்தப்பட ஒண்ணும் இல்ல. "வியாழக்கிழமை 12 மணிக்கு ஃப்ரீயா"னு நீங்களே கேளுங்க, பெரும்பாலும் சந்தோஷமா வருவாங்க.

கேள்வி: இந்த வித்தியாசம் எங்க இருந்து வந்துச்சு?

இதுதான் எனக்குப் பிடிச்ச கேள்வி. 1831ல அமெரிக்கா சுத்திப் பாத்த பிரெஞ்சுக்காரர் டோக்வில் அப்பவே இதக் கவனிச்சிருக்கார். வெளிநாட்டுல ரெண்டு ஆங்கிலேயர் சந்திச்சா பேசிக்கவே யோசிப்பாங்களாம், ஏன்னா எதிர்ல இருக்குறவர் எந்த அந்தஸ்துன்னு தெரியாது, பழகிட்டு அப்புறம் கழட்டிவிட முடியலன்னா என்ன பண்றதுங்கிற பயம். அமெரிக்கால பிறப்பால வர்ற பட்டம் எதுவும் இல்ல, அதனால பேசுறதுல யாருக்கும் நட்டம் இல்லன்னு சொல்றார். அவர் பாத்தது வெள்ளைக்காரங்களுக்குள்ள இருந்த சமத்துவம், அப்ப அடிமையா இருந்த கறுப்பின மக்களுக்கு இது பொருந்தாது, அத மறந்துட்டு இந்த வாதத்தப் பேசக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் குடியேற்றம். 2015ல வந்த ஒரு ஆய்வு, ஒரு நாட்டு மக்களோட முன்னோர்கள் கடந்த 500 வருஷத்துல எத்தனை நாட்டுல இருந்து வந்தவங்கன்னு கணக்குல எடுத்து ஒப்பிட்டுப் பாத்துச்சு. பல நாட்டுல இருந்து வந்து கலந்த இடத்துல உணர்ச்சிய வெளிப்படையா காட்டுறது சரின்னு நினைக்கிறது அதிகமா இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரன் பாஷை தெரியாதப்ப மூஞ்சிதான பேசணும், எனக்கு இது ரொம்ப நியாயமா படுது.

கேள்வி: அமெரிக்க ஹோட்டல்ல வெயிட்டர் அவ்ளோ அன்பா பேசுறாங்க, ஐரோப்பால கண்டுக்கவே மாட்டேங்குறாங்களே?

அங்க சம்பளக் கணக்கும் இருக்கு. டிப்ஸ் வாங்குறவங்களுக்கு முதலாளி கையில இருந்து குடுக்க வேண்டிய குறைஞ்சபட்சக் கூலி, அமெரிக்க மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர், 1991ல இருந்து மாறல, டெக்ஸாஸ்லயும் அதுதான். மீதிய டிப்ஸ்லதான் தேத்தணும். பிரான்ஸ்ல சர்வீஸ் பில்லுலயே சேந்துடும். அப்புறம் அங்க உங்கள நிம்மதியா சாப்பிட விடுறதுதான் மரியாதை, பில்லும் நீங்க கேட்டாதான் வரும்.

கேள்வி: பாரிஸ்ல ஒரு கடைல எனக்கு பதிலே சொல்லல. திமிரா?

உள்ள நுழைஞ்சதும் "போன்ஷூர்"னு வணக்கம் சொன்னீங்களா? சொல்லாம நேரா விலை கேட்டா அங்க நீங்கதான் மரியாதை இல்லாதவர். அடுத்த தடவ சொல்லிப் பாருங்க.

கேள்வி: வால்மார்ட் ஜெர்மனில சிரிச்சுதான் தோத்துச்சுன்னு சொல்றாங்களே?

1997ல வந்தாங்க, 2006ல கடைகள மெட்ரோங்கிற ஜெர்மன் கம்பெனிக்கு வித்துட்டுப் போனாங்க. ஊழியர்கள சிரிக்கச் சொன்னது, வாசல்ல ஆள் வச்சு வரவேற்றது எல்லாம் பலருக்கு சங்கடமா இருந்தது உண்மைதான். ஆனா ஆல்டி, லிடில் மாதிரி கடைங்களோட விலையில போட்டி போட முடியல, அதுதான் பெரிய அடி.

கேள்வி: அண்ணா, ஸ்டட்கார்ட் பக்கம் வந்து ஆறு மாசம். பக்கத்து வீட்டம்மா சிரிச்சதே இல்ல. என் நிறம்தான் காரணமான்னு மனசு உறுத்துது.

தங்கச்சி, அப்படி ஆளுங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தம்மா மத்தவங்ககிட்ட எப்படின்னு கவனிங்க, எல்லார்கிட்டயும் அதே முகம்னா அது உங்களுக்கானது இல்ல. இங்க டாக்டர் வெயிட்டிங் ரூம்ல நுழையுறவங்க அங்க உக்காந்திருக்குற எல்லாருக்கும் "குட்டன் டாக்"னு வணக்கம் சொல்லிட்டு உக்காருவாங்க, பாத்திருக்கீங்களா? அப்புறம் ஒரு வார்த்த பேச மாட்டாங்க. முகத்துல சிரிப்பு இல்லன்னாலும் அது மரியாதைதான்.

எங்க பில்டிங்ல எதிர் வீட்டம்மா ஒரு வருஷத்துக்கு மேல வணக்கம் தவிர எதுவும் பேசல. 2023 ஜனவரில அப்பா தவறிட்டார்னு திடீர்னு ஊருக்குக் கெளம்பினோம், அந்த வாரம் கேர்வோஹே போர்டு எங்க கதவுல தொங்குது, அதாவது படிக்கட்டு கூட்டி, வாசல் பனி தள்ளுறது எங்க முறை. அவசரத்துல யார்கிட்டயும் சொல்லல. மூணு வாரம் கழிச்சு வந்தப்ப போர்டு அடுத்த வீட்டுக்குப் போயிருந்துச்சு, எங்க வேலைய அந்தம்மாவே செஞ்சிருக்காங்க. நன்றி சொல்லப் போனேன், உள்ள விடல, கதவுல நின்னுக்கிட்டே "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு காஃபிக்கு வாங்க"ன்னாங்க. இப்ப அவங்க வீட்டு சாவி ஒண்ணு எங்ககிட்ட இருக்கு.

அதனால நீங்க ஒண்ணு பண்ணுங்க, போர்டு உங்க கதவுக்கு வர்ற வாரம் படிக்கட்ட நல்லா துடைங்க, பாக்குறப்பல்லாம் வணக்கம் சொல்லுங்க, பக்கத்துல பாட்டு, நடை, தோட்டம்னு ஏதாவது ஒரு ஃபெராயின்ல சேருங்க. இந்த நாட்டுல அந்த மாதிரி சங்கம் ஆறு லட்சத்துக்கு மேல இருக்கு, நட்பு பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிக்குது. ஆறு மாசம் இங்க ரொம்ப கம்மி, இன்னும் கொஞ்சம் பொறுங்க.