துடுப்போடு விமானம் ஏறுவது: கேட்டவர்களுக்குப் பதில்

நின்றபடி துடுப்புப் போடும் பலகையை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது, கொண்டுவருவது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். காற்றடைக்கும் பலகையைச் சுருட்டிவிட்டால் அதற்குப் பெரிய ஆபத்தில்லை. அடிபடுவது துடுப்புத்தான். அதனால் அதைப் பற்றியே கூடுதலாக எழுதுகிறேன்.

கல்லடியிலிருந்து: அண்ணா, ஒற்றைத் துண்டா, இரண்டு துண்டா, மூன்று துண்டா? எதை வாங்குவது?

விமானப் பயணம் என்றால் மூன்று துண்டு, தம்பி. பெரும்பாலான விமான நிறுவனங்கள் சாதாரணப் பொதிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. என்று வைத்திருக்கின்றன. துடுப்பின் நீளம் நம் உயரத்தைவிட 15 முதல் 25 செ.மீ. கூட இருக்கும். 170 செ.மீ. உயரமான ஆளுக்கு ஒற்றைத் துண்டு 190 செ.மீ. அளவில் வரும், அது தனி விளையாட்டுப் பொதியாகத்தான் போகும். இரண்டு துண்டைக் கழற்றினாலும் நீளமான பாதி சூட்கேசுக்குள் அடங்காது. மூன்று துண்டு ஏறக்குறைய 90 செ.மீ.க்குள் மடங்கிப் பலகைப் பைக்குள்ளேயே போய்விடும்.

கட்டும் முறையையும் சொல்கிறேன். அலகுக்கு, அதாவது தண்ணீரைத் தள்ளும் அகன்ற முனைக்கு, பழைய துவாயைச் சுற்றி, பலகைச் சுருளின் நடுவில் வையுங்கள். பைக்கு வெளியே செருகாதீர்கள். கார்பன் அலகின் ஓரத்தில் விழும் சின்ன அடி வெளியே தெரியாது. தண்ணீர் உள்ளே இறங்கிய பிறகுதான் அடுக்குப் பிரியும். கட்டுவதற்கு முன், துண்டுகளை இணைக்கும் பூட்டுகளைத் திறந்து நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். வாவி மண் மூட்டுக்குள் இருந்தால் துண்டுகள் இறுகிக் கழறாது.

ரொறன்ரோவிலிருந்து, சொந்த ஊர் களுவாஞ்சிக்குடி: மூன்று துண்டைக் கையோடு உள்ளே கொண்டுபோகலாமா?

முடியாது. தடி, மட்டை போல அடிக்கக்கூடிய பொருளாகத்தான் பாதுகாப்புச் சோதனையில் பார்ப்பார்கள். செக்-இன் பொதியில் போடுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: மின்சாரப் பம்பையும் அதே பையில் வைக்கலாமா அண்ணா?

பம்பை வைக்கலாம், தங்கச்சி. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரியைக் கழற்றிக் கையோடு எடுங்கள். தனி பேட்டரியும் பவர் பேங்கும் செக்-இன் பொதியில் போகவே கூடாது. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை என்றால் பிரச்சினையில்லை. 11.1 வோல்ட், 6 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் பெருக்கிப் பாருங்கள், 66.6 தான். 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். வாயுக் குப்பியால் தானாக ஊதும் உயிர்காப்பு அங்கிக்கும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

காத்தான்குடியிலிருந்து: பலகையில் கொஞ்சம் காற்று விட்டால் துடுப்புக்கு மெத்தையாக இருக்காதா?

வேண்டாம். மேலே போகும்போது அழுத்தம் குறைந்து அந்தக் காற்று விரியும். வால்வைத் திறந்தே விடுங்கள்.

பொத்துவிலிலிருந்து: மூன்று துண்டு எல்லாம் துடுப்பா? அலையில் ஆடும். அறுகம்பேக்கு வருகிறவன் ஒற்றைத் துண்டோடு வரவேண்டும்.

இதற்கு வாழைச்சேனையிலிருந்து: எல்லாரும் அலைக்கா வருகிறார்கள்? வாவியில் காலையில் ஒரு சுற்றுப் போகிறவருக்கு எதற்கு ஒற்றைத் துண்டும் கூடுதல் பொதிக் காசும்?

இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் பொத்துவில் தம்பி ஒன்றை விட்டுவிட்டார். துண்டுகள் ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம் தேய்ந்த மூட்டும் தளர்ந்த பூட்டுத் திருகும். மண்ணோடு பூட்டிப் பூட்டித்தான் மூட்டுத் தேய்கிறது. கழுவுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். அலையில் வேகமாக வெட்டித் திரும்புகிறவருக்கு ஒற்றைத் துண்டின் விறைப்பும் எடைக்குறைவும் வேண்டும், அதை மறுக்கவில்லை. அவர் எப்படியும் நீளமான கெட்டிப் பலகையோடுதான் வருவார். அந்தப் பைக்குள் துடுப்பும் அடங்கும். மட்டக்களப்பு வாவிக்கும் பாசிக்குடாவுக்கும் நல்ல மூன்று துண்டே போதும். அந்தத் தண்ணீரில் வித்தியாசம் கைக்குத் தெரியாது.

செங்கலடியிலிருந்து: கேபினில் துடுப்பு விடுவார்களா?

ரொறன்ரோக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லாருக்கும் அதே பதில்தான்.

கல்முனையிலிருந்து: புதுத் துடுப்புக்குச் சுங்கத் தீர்வை உண்டா?

அது என் துறையில்லை. சுங்கத் திணைக்களத்திடம் கேளுங்கள்.

லண்டனிலிருந்து: வந்து சேரும்போது உடைந்திருந்தால்?

பையை விமான நிலையத்திலேயே திறந்து பாருங்கள். கட்டுநாயக்கவில் வேனில் ஏற்றி மட்டக்களப்பு வந்த பிறகு பார்த்தால், வழியில் உடைந்தது என்று சொல்லிவிடுவார்கள். பொதிகள் வரும் மண்டபத்தை விட்டு வெளியேற முன் விமான நிறுவனத்தின் முறைப்பாட்டு மேசையில் எழுதிக் கொடுத்துப் பிரதி வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மொன்றியல் உடன்படிக்கையின்படி, சேதமடைந்த பொதிக்கு 7 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பையை மூடுவதற்கு முன் அலகின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். சேதத்தைக் காட்ட அது உதவும்.